சன்ரூஃப் ஒழுகினால் எதில் கை வைப்பது: அடைப்பெடுப்பா, ரப்பர் மாற்றமா, ஃபிரேம் வேலையா?

சன்ரூஃப் ஓரத்தில் நாலு சொட்டு இறங்கியதுமே பலரும் தேடுவது சிலிகான் டியூபைத்தான். கண்ணாடியைச் சுற்றி ஒரு கோடு இழுத்துவிட்டால் நின்றுவிடும் என்று தோன்றுகிறது. அடுத்த மழையில் அதே இடத்தில் அதே ஈரம். சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுப்பதற்காக வைக்கப்பட்டதே இல்லை. மழையின் பெரும்பகுதியைக் கூரைமேலேயே ஓடவிடுவதும் காற்றிரைச்சலைக் குறைப்பதும்தான் அதன் வேலை. மிச்சம் கொஞ்சம் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் வண்டியை வடிவமைக்கிறார்கள்.

கண்ணாடியை முழுக்கத் திறந்துவிட்டு, ஒரு ஸ்டூலில் ஏறித் திறப்பின் விளிம்பைப் பாருங்கள். சுற்றிலும் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். முன்பக்க மூலைகளில், பென்சில் நுழையும் அளவுக்கு மூலைக்கொரு துளை. பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கமும் இரண்டு இருக்கும். ரப்பரைத் தாண்டி வரும் தண்ணீர் இந்த வாய்க்காலில் விழுந்து, துளை வழியாக வடிகுழாய்க்குப் போகிறது. முன் குழாய்கள் முன்கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள், அதாவது ஏ-பில்லருக்குள் இறங்கிக் கதவுக் கீல் பக்கமோ ஃபெண்டருக்குள்ளோ முடிகின்றன. பின் குழாய்கள் பின்தூணில் இறங்கி, பின்சக்கர வளைவிலோ பம்பருக்குப் பின்னாலோ முடிகின்றன. இந்தப் பாதை திறந்திருக்கும்வரை ரப்பர் கொஞ்சம் பழுதாக இருந்தாலும் பொதுவாக உள்ளே ஒரு சொட்டு விழாது. பாதை அடைபட்டால் புது ரப்பர் போட்டும் பயனில்லை.

ஆகவே முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து: வடிகுழாயைச் சுத்தம் செய்வது, கழன்ற குழாயை மாட்டுவது அல்லது மாற்றுவது, கண்ணாடியின் உயரத்தைச் சரிசெய்வது, ரப்பரை மாற்றுவது, கண்ணாடியையும் வாய்க்காலையும் தாங்கும் ஃபிரேமில் உள்ள வெடிப்பையோ மூட்டையோ அடைப்பது. முதலாவது அரைமணி நேர வேலை. கடைசியது ரூஃப் லைனிங்கை, அதாவது கூரையின் உட்பக்க அட்டையை இறக்கி ஒரு முழுநாள் உட்காரும் வேலை. எது சுலபம் என்று பார்த்துத் தொடங்கக் கூடாது, தண்ணீர் என்ன சொல்கிறது என்று பார்த்துத் தொடங்க வேண்டும்.

எப்போது ஒழுகுகிறது?

எங்கே ஈரம் என்பதைவிட எப்போது ஈரம் என்பது கூடுதலாகப் பேசும். கூரைக்குள் விழுந்த சொட்டு உலோகத்தின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டே வெகுதூரம் நகர்ந்து, முற்றிலும் வேறு இடத்தில் சொட்டும். நேரம் அப்படி ஏமாற்றாது.

மழை நின்று கால்மணி நேரம் கழித்து வண்டியை எடுக்கிறீர்கள், முதல் பிரேக்கில் கூரை விளக்குப் பக்கமிருந்து தண்ணீர் கொட்டுகிறது என்றால், வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நின்று, வண்டி குலுங்கியதும் விளிம்பைத் தாண்டுகிறது. இது அடைப்பு. வேறு எதையும் யோசிக்க வேண்டாம். சரிவில் நிறுத்தும்போது மட்டும் ஒழுகினால், தாழ்ந்த பக்கத்துத் துளை ஒன்று அடைபட்டிருக்கிறது. சமதரையில் மற்றத் துளைகள் அதன் வேலையைச் சேர்த்துச் செய்துவிடுவதால் தெரிவதில்லை.

சாரல் மழைக்கே, வண்டி அசையாமல் நிற்கும்போதே தரைக் கார்ப்பெட் நனைந்தால் குழாய் கழன்றிருக்கலாம், அல்லது ஃபிரேம் வெடித்திருக்கலாம். வாய்க்கால் நன்றாக வடிகிறது, ஆனால் வடிந்த தண்ணீர் வண்டிக்குள்ளேயே விழுகிறது. வேகமாக ஓட்டும்போது மட்டும் மழைநீர் உள்ளே வந்தால், காற்றழுத்தம் அதை ரப்பரைத் தாண்டித் தள்ளுகிறது என்று பொருள். கண்ணாடி உயரத்தையும் ரப்பரையும் பார்க்க வேண்டும். வாட்டர் வாஷில் உயரழுத்தக் குழாயை விளிம்புக்கு நேராகப் பிடித்தபோது மட்டும் நாலு சொட்டு விழுந்தால் அது பழுதே இல்லை. எந்த சன்ரூஃபும் அந்தத் தாரைக்காகச் செய்யப்படவில்லை.

சன்ரூஃப் மேல் பழி போடுவதற்கு முன் இன்னொன்றையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மழையே இல்லாத நாளில், ஏசி ஓடியபின் முன்னிருக்கைக் காலடி நனைந்தால் அது ஏசியின் வடிகால் அடைப்பு. ஈரம் பிசுபிசுப்பாக, இனிப்பு வாசனையோடு இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் கசிகிறது. மழையில் நனைகிறது, ஆனால் கூரைப்பக்கம் ஈரமே இல்லை என்றால் முன்கண்ணாடியின் ஒட்டு, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டின் வடிகால், கதவுக்குள் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னி குழியில் தண்ணீர் நின்றால் பின்விளக்கின் ரப்பரும், கூரை ஆன்டெனாவின் அடிரப்பரும், மூன்றாவது பிரேக் விளக்கும், பின் வடிகுழாயும் நான்குமே சந்தேகத்துக்குரியவை.

சோதனைகளில் எதை நம்புவது

பைப்பைத் திறந்து கூரைமேல் பத்து நிமிடம் பாய்ச்சுவதுதான் பலரும் செய்யும் சோதனை. ஒழுகுகிறது என்பதை அது உறுதிசெய்யும். எங்கே என்பதைச் சொல்லாது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்துவிடுவதால் ஏற்கெனவே தெரிந்ததுதான் மறுபடியும் தெரியும்.

ஒரு கோப்பைத் தண்ணீர் அதைவிடத் தெளிவாகச் சொல்லும். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். கண்ணாடியைத் திறந்து, ஒரு மூலைத் துளைக்குப் பக்கத்தில் 100 மி.லி. தண்ணீரைப் பதினைந்து இருபது நொடிகளில் மெதுவாக ஊற்றுங்கள். இன்னொருவர் கீழே, அந்தக் குழாய் முடியும் இடத்தில், அகலமான தட்டு ஒன்றை வைத்துப் பிடிக்கட்டும். சில நொடிகளில் கீழே தண்ணீர் வரவேண்டும். முடிந்ததும் தட்டில் சேர்ந்ததை அளந்து பாருங்கள். இந்த அளவுதான் முக்கியம். பலர் கீழே சொட்டுவதைப் பார்த்ததும் அந்தக் குழாய் நல்லது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

மேலே தண்ணீர் அசையாமல் நின்றால் அடைப்பு. மேலே சட்டென்று வடிந்து, கீழே கிட்டத்தட்ட முழுதும் வந்துவிட்டால் அந்தக் குழாய் நல்லது. மேலே சட்டென்று வடிந்தும் கீழே பாதிதான் வந்தது, அல்லது ஒன்றுமே வரவில்லை என்றால் குழாய் எங்கோ கழன்றோ கிழிந்தோ இருக்கிறது. அந்த மீதித் தண்ணீர் இப்போது உங்கள் கார்ப்பெட்டுக்கடியில் இருக்கிறது. இதனால்தான் 100 மி.லி.க்கு மேல் முதல்முறை ஊற்றக் கூடாது. ஏ-பில்லரின் அடியில்தான் பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. சோதனைக்காக ஊற்றிய ஒரு குடத் தண்ணீர், ஒழுகலைவிடப் பெரிய செலவை இழுத்துவிடும்.

நான்கு மூலையும் நல்லது என்று வந்த பிறகுதான் மற்றச் சோதனைகளுக்குப் போகவேண்டும். வாய்க்காலிலேயே எங்கோ கசிகிறது என்று தோன்றினால், தண்ணீரில் ஒளிரும் சாயம் கொஞ்சம் கலந்து ஊற்றி, ரூஃப் லைனிங்கின் ஓரத்தைச் சற்று விலக்கி, புற ஊதா டார்ச்சால் பார்க்கலாம். வெறும் டிஷ்யூ பேப்பரை உள்ளே வரிசையாக ஒட்டிவைத்தால்கூட எது முதலில் நனைகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

சோப்புநுரைச் சோதனை என்று ஒன்று உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, பின்பக்கக் காற்றுவெளியேறும் துவாரங்களை டேப்பால் மூடி, ஃபேனை வெளிக்காற்று நிலையில் முழு வேகத்தில் ஓடவிட்டு, வெளியே சோப்புத் தண்ணீர் தெளித்தால், காற்று கசியும் இடத்தில் குமிழி எழும். ஒட்டப்பட்ட முன்கண்ணாடிக்கும் நகராத கண்ணாடிக் கூரைக்கும் இது அருமையான சோதனை. திறக்கும் கண்ணாடியின் ரப்பரில் குமிழி வந்தால் மட்டும் பதற வேண்டாம். அங்கே காற்றுக் கசிவு இயல்பாகவே கொஞ்சம் இருக்கும்.

அடைப்பெடுத்தல்: காற்றா, நரம்பா, உறிஞ்சியா?

துளையை அடைப்பது வெறும் தூசி மட்டும் அல்ல. காற்றில் வந்த நுண்மண், மகரந்தம், நைந்த இலைத்துணுக்கு ஆகியவை கண்ணாடி நகரும் தண்டவாளத்தின் கிரீஸோடு குழைந்து பிசின்போல் ஆகிவிடும். சில வண்டிகளில் கீழ்முனையில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். பெரும்பாலும் அடைப்பு நடுக்குழாயில் இருப்பதில்லை. ஒன்று மேல்துளை வாயில், இல்லையென்றால் கீழ்முனையில்.

கீழ்முனையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறைய வண்டிகளில் குழாயின் கடைசியில் ஒரு ரப்பர் வாய் இருக்கிறது. வாத்தின் அலகுபோல இரண்டு உதடுகள் ஒட்டியிருக்கும். தண்ணீரின் எடை அழுத்தினால் திறந்து, பிறகு மூடிக்கொள்ளும். பூச்சியும் தூசியும் புகையும் குழாய் வழியே மேலே ஏறாமல் இருக்கத்தான் அது. சேறு வந்து அந்த உதடுகளுக்குள் படிந்து காய்ந்தால், ஒரு கார்க்கைப்போல இறுகிவிடும். முன் கதவைத் திறந்து கீலுக்குப் பக்கத்தில் இந்த வாய் தெரிந்தால், இரண்டு விரலால் பிடித்து நசுக்கி உருட்டுங்கள். உலர்ந்த மண் பொலபொலவென்று உதிரும், கூடவே அடைபட்டிருந்த பழுப்புத் தண்ணீர் பீய்ச்சியடிக்கும். பல வண்டிகளின் ஒழுகல் அந்த ஒரே நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது.

ரப்பர் வாயை வெட்டி எறிந்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது கதவோரத்தில் முடிந்தால், உதடுகளுக்கு நடுவிலுள்ள கீறலைச் சில மி.மீ. நீட்டிவிடுவதில் பெரிய தீங்கில்லை. சக்கர வளைவில் முடிந்தால் கைவைக்க வேண்டாம். சக்கரம் வாரி அடிக்கும் சேறு நேரே குழாய்க்குள் ஏறும், சில மாதங்களில் இதைவிட மோசமான அடைப்பு வரும்.

இனிக் கருவிகள். கம்ப்ரசர் காற்றுத்தான் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருகிறது. இருப்பதில் ஆபத்தானதும் அதுதான். பட்டறைக் கம்ப்ரசர் லைனில் 6 முதல் 8 பார் அழுத்தம் இருக்கும். வடிகுழாயோ ஃபிரேமில் துருத்தி நிற்கும் பிளாஸ்டிக் மூக்கில் வெறுமனே செருகி நிற்கும் மெல்லிய ரப்பர். கீழ்முனை அடைபட்டிருக்க, மேலிருந்து அந்த அழுத்தத்தைக் கொடுத்தால் காற்றுக்குப் போக்கிடம் இல்லை. குழாய் மூக்கிலிருந்து பட்டென்று கழன்றுவிடும். அது ரூஃப் லைனிங்குக்கு உள்ளே நடப்பதால் கண்ணுக்குத் தெரியாது. துளையில் தண்ணீர் இப்போது சட்டென்று வடிவதைப் பார்த்து அடைப்பு நீங்கிவிட்டது என்று சந்தோஷப்படுவோம். தலைவலி போய்த் திருகுவலி வந்தது அடுத்த மழையில்தான் தெரியும். காற்று பயன்படுத்தியே ஆகவேண்டும் என்றால் ரெகுலேட்டரில் 1 பாருக்குக் குறைத்து, முதலில் கீழ்முனையைத் திறந்துவிட்டு, சிறுசிறு ஊதலாக மட்டும் கொடுங்கள்.

உறிஞ்சும் முறை எதிர்த்திசையில் வேலை செய்கிறது. ஈரத்தையும் இழுக்கக்கூடிய வேக்குவம் கிளீனரின் வாயில், துளைக்குப் பொருந்தும் அளவுக்கு ஒரு சிறு ரப்பர்க் குழாய்த் துண்டை டேப்பால் சுற்றி இணைத்து, மேல்துளையில் வைத்து இழுத்தால், இலைத்துணுக்கும் கிரீஸ் கட்டியும் மேலேயே வந்துவிடும். குழாயைக் கழற்றும் அழுத்தம் இதில் இல்லை. முதல் முயற்சியாக இதைத்தான் செய்யச் சொல்வோம். கீழ்முனையில் காய்ந்து இறுகிய மண்ணுக்கு மட்டும் இதன் பலம் போதாது.

அதற்குப் பிறகு நைலான் நரம்பு. புல்வெட்டும் இயந்திரத்தில் சுழலும் நரம்புதான் சரியான பொருள். 2 முதல் 2.4 மி.மீ. தடிமன், உருண்டை வடிவம். சதுரமாகவோ முறுக்காகவோ உள்ளது குழாயின் உட்சுவரைச் சுரண்டும். முனையைத் தீயில் லேசாகக் காட்டி ஒரு மிளகு வடிவத்துக்கு உருட்டிக்கொள்ளுங்கள், அது எங்கும் குத்தாது. உள்ளே விடும்போது விரல்களுக்கிடையே சுழற்றிக்கொண்டே தள்ள வேண்டும். நின்றுவிட்ட இடத்தில் நரம்பின்மேல் ஒரு டேப் ஒட்டி, வெளியே இழுத்து, வண்டியின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். அடைப்பு தூணின் தலையிலா, அடியிலா என்று அந்த நீளமே சொல்லிவிடும். முன் குழாய்க்கு 2 மீட்டர் நரம்பு தாராளம், பின்னதற்கு 3 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். வளைவில் முட்டி நின்றால் பலத்தைக் காட்டாதீர்கள், பின்னால் இழுத்து மறுபடி சுழற்றி விடுங்கள். இரும்புக் கம்பி, திரைச்சீலை ஸ்பிரிங், பிரேக் கேபிள் எதுவும் இந்த வேலைக்கு ஆகாது. வளைவில் அவை குழாயைத் துளைத்துவிடும்.

நரம்பு ஓடிய பிறகு, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் சிறிது சிறிதாக அலசி விடுங்கள். கிரீஸ் பசையைக் கரைக்க அது போதும். சாக்கடைக் குழாய்க்கு ஊற்றும் ரசாயனங்களை இங்கே கொண்டுவரவே கூடாது. ரப்பரையும் உலோகத்தையும் ஒருசேர அரிக்கும்.

கூரையின் பெரும்பகுதியும் கண்ணாடியாக உள்ள பனோரமிக் கூரைகளில் பின் துளைகள் நகராத கண்ணாடிக்கு அடியில் மறைந்திருக்கும், மேலிருந்து எட்டாது. அங்கே கீழ்முனையிலிருந்து நரம்பு விடுவதுதான் வழி. சக்கர வளைவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவேண்டி வரலாம். மூக்கின் பக்கம் நெருங்கும்போது மெதுவாகத் தள்ளுங்கள்.

கழன்ற குழாய்: மாட்டுவதா, மாற்றுவதா?

கோப்பைச் சோதனையில் தண்ணீர் காணாமல் போனால் ஏ-பில்லரின் உள்மூடியைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. இப்போதைய பல வண்டிகளில் அந்த மூடிக்குப் பின்னால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் இருக்கிறது. பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து, பிறகே தொட வேண்டும். மூடியைப் பிடித்திருக்கும் கிளிப்புகள் பல வண்டிகளில் ஒருமுறை மட்டுமே பயன்படுபவை. கையோடு புதியவற்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் வெடிக்கும்போது மூடி பறந்து முகத்தில் அடிக்காமல் பிடிப்பதும் அந்தக் கிளிப்தான்.

குழாய் மென்மையாக இருந்து, மூக்கிலிருந்து மட்டும் நழுவியிருந்தால் மாட்டினாலே போதும். மூக்கையும் குழாயின் உட்பக்கத்தையும் துடைத்துக் காயவிட்டு, முனையை வெந்நீரில் கொஞ்சம் வைத்து இளக்கி, மூக்கின் அடிவரை தள்ளுங்கள். சிறிய ஸ்பிரிங் கிளிப் ஒன்று போட்டால் நல்லது. கேபிள் டை போடுவதானால் இறுக்கி இழுக்காதீர்கள், பிளாஸ்டிக் மூக்கு வெடிக்கும்.

குழாய் விறைத்து, நீளம் சுருங்கி, மூக்கை எட்டுவதற்கே இழுபடுகிறது என்றால் மாட்டுவதில் அர்த்தமில்லை. சில வாரங்களில் மறுபடி கழன்றுகொள்ளும். மாற்றிவிடுவதே சரி. அதே உள்விட்டம் வேண்டும். சுவர் மெல்லியதாக உள்ள மீன்தொட்டிக் குழாய் போன்றவை வளைவில் மடங்கி மூடிக்கொள்ளும். பழைய குழாயின் முனையோடு புதியதைச் சிறு பிளாஸ்டிக் குச்சியால் இணைத்து, மேலே டேப் சுற்றி, பழையதை இழுத்தே புதியதை உள்ளே கொண்டுவரலாம். சில தூண்களில் இரைச்சல் வராமலிருக்க நுரைப்பஞ்சு ஊற்றியிருப்பார்கள், அங்கே இழுபடாது. வேறு வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். எந்த வழியானாலும் ஏர்பேக்கின் குறுக்கே குழாய் போகக் கூடாது.

கண்ணாடி உயரமா, ரப்பரா?

வேகத்தில் மட்டும் உள்ளே வரும் தண்ணீருக்கு ரப்பர்தான் காரணம் என்று முடிவுசெய்வதற்கு முன் ஸ்டீல் ஸ்கேலை எடுங்கள். கண்ணாடியை மூடி, விளிம்பின் குறுக்கே வைத்துப் பாருங்கள். பல வண்டிகளுக்கு முன்விளிம்பு கூரைக்குச் சமமாகவோ 1 மி.மீ. வரை தாழ்ந்தோ, பின்விளிம்பு சமமாகவோ 1 மி.மீ. வரை உயர்ந்தோ இருக்க வேண்டும். காற்று முன்னாலிருந்து வருவதால் இந்த ஏற்பாடு. முன்விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் காற்று அதன் அடியில் புகுந்து மழையையும் இழுத்து வரும். உங்கள் வண்டிக்கான துல்லியமான அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கும்.

சரிசெய்வது கடினமில்லை. பக்கவாட்டு மூடிகளைத் தள்ளினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு வீதம் டார்க்ஸ் எனும் நட்சத்திரக் குழித் திருகுகள் தெரியும், பெரும்பாலும் டி25. முழுதும் கழற்றாமல் அரைச்சுற்று தளர்த்தி, ஒருவர் வெளியிலிருந்து கண்ணாடியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் குறுக்குமறுக்காக இறுக்க வேண்டும். சர்வீஸ் கையேட்டில் உள்ள டார்க் அளவை, அதாவது இறுக்கும் விசையின் அளவைத் தாண்டாதீர்கள். சிறிய திருகுகள் அவை, மரை போய்விடும். முடிந்ததும் கண்ணாடியின் திறப்பு எல்லைகளைக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மறுபடி கற்பிக்க வேண்டியிருக்கலாம்; சுவிட்சைப் பிடித்தபடி அது ஒரு முறை முழுதாக ஓடி முடியும்வரை காத்திருக்கும் முறை பல வண்டிகளில் உண்டு.

பிறகு தாள் சோதனை. ஒரு தாள்துண்டை ரப்பருக்கும் கூரைக்கும் இடையே வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே மாதிரி பிடிமானம் இருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தாள் வழுக்கிக்கொண்டு வந்தால், அங்கே ரப்பர் படிந்து தட்டையாகிவிட்டது. விரலால் அழுத்தினால் எழும்பி வராத ரப்பர், மூலையில் கிழிந்தது, இணைப்பில் விலகி இடைவெளி காட்டுவது, இவை மூன்றும் மாற்றியே ஆகவேண்டியவை. வெறுமனே உலர்ந்து வெளிறியிருந்தால் சிலிகான் ரப்பர் கிரீஸைத் துணியில் தொட்டு மெல்லப் பூசினாலே மீண்டுவிடும். பெட்ரோலிய ஜெல்லியும் எஞ்சின் ஆயிலும் வேண்டாம். இந்த ரப்பர்கள் பெரும்பாலும் இபிடிஎம் எனும் செயற்கை ரப்பர் வகை. எண்ணெய் பட்டால் உப்பி, வலுவிழந்துவிடும்.

புது ரப்பர் போடும்போது நடக்கும் ஒரே பெரிய தவறு இழுத்துப் போடுவது. இழுத்த ரப்பர் சில நாளில் தன் நீளத்துக்குத் திரும்பி, இணைப்பில் வாய் பிளந்துகொள்ளும். கொஞ்சம் தளர்வாகவே வைத்து அழுத்திக்கொண்டு வாருங்கள். பழைய ரப்பரின் இணைப்பு எங்கே இருந்ததோ அங்கேயே புதியதன் இணைப்பும் வரட்டும், ஒருபோதும் மூலையில் வேண்டாம். சில வண்டிகளில் ரப்பர் கண்ணாடியோடு வார்க்கப்பட்டிருக்கும். அங்கே கண்ணாடியோடு சேர்த்து மாற்றுவதைத் தவிர வழியில்லை. அதனால்தான் உயரத்தைச் சரிபார்க்காமல் ரப்பருக்குப் போகாதீர்கள் என்கிறோம்.

ஃபிரேம் வெடித்திருந்தால்

நான்கு குழாயும் நல்லது, கண்ணாடியும் சமம், ஆனாலும் ரூஃப் லைனிங் நனைகிறது என்றால் மிச்சம் ஃபிரேம்தான். அலுமினியத் தண்டவாளமும் பிளாஸ்டிக் வாய்க்காலும் சேரும் மூட்டில் உள்ள பசை வருடங்கள் போகப் போக விட்டுக்கொடுக்கும். மூலையிலும், குழாய் மூக்கின் அடியிலும் மயிரிழை வெடிப்பு வரும்.

கண்ணாடியைத் திறந்தால் கைக்கெட்டும் மூட்டு என்றால் வெளியிலிருந்தே அடைக்கலாம். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முற்றிலும் காயவைத்து, பாலியூரித்தேன் சீலன்டை மெல்லிய வரியாக இட்டு, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் தொடாமல் விடவேண்டும். தண்டவாளத்தின் ஓடுபாதையில் ஒரு துளி விழுந்தாலும் கண்ணாடி அடுத்த முறை சிக்கிக்கொள்ளும். முன்பே டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். மூக்கின் அடியில் வெடிப்பு என்றால் ஒட்டு வெகுநாள் நிற்காது. குழாயின் எடையும் வண்டியின் அதிர்வும் எப்போதும் அங்கேதான் இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஃபிரேமை மாற்றுவதுதான் தீர்வு.

இந்த வேலையைப் பட்டறைக்கு விடுவதே நல்லது. ரூஃப் லைனிங் ஒரே அட்டையாக இருக்கும். ஓரிடத்தில் மடங்கினால் அந்தக் கோடு போகவே போகாது. பல வண்டிகளில் அதை டிக்கி வழியாகத்தான் வெளியே எடுக்க முடியும். அங்கே போகும்போது கோப்பைச் சோதனையின் முடிவை எழுதிக்கொண்டு போங்கள்: எந்த மூலை, எவ்வளவு ஊற்றியது, எவ்வளவு வந்தது. அது கையில் இருந்தால், தேவையில்லாமல் ரப்பரை மாற்றிவிட்டு அனுப்பிவைக்கும் வாய்ப்பு குறையும்.

சிலிகான் பூசுவது எங்கே பொருந்தும்?

திறக்கும் கண்ணாடியைச் சுற்றி எங்கும் பொருந்தாது. ஒட்டிக்கொண்ட கண்ணாடியைத் தெரியாமல் யாராவது திறக்க முயன்றால் மோட்டாரோ கேபிளோ போய்விடும். புளித்த வாசனை வரும் வகை சிலிகான் காயும்போது வெளியிடும் அசெட்டிக் அமிலம், பெயின்ட் போன இடத்தில் துருவை வரவழைக்கும். எல்லாவற்றையும்விட, சிலிகான் பட்ட பரப்பில் பிறகு முறையான சீலன்டும் ஒட்டாது, பெயின்டும் ஒட்டாது. நாளைய பழுதுபார்ப்பை இன்றே கெடுத்துவிடுகிறோம்.

மழை நெருங்கிவிட்டது, பழுதுபார்க்க நேரமில்லை என்றால் மூடிய கண்ணாடியின்மேல், கூரை உலர்ந்திருக்கும்போது, அகலமான தெளிவான டேப்பை நான்கு பக்கமும் ஒட்டி, சில நாள் சமாளிக்கலாம். வெயிலில் வெகுநாள் விட்டால் பசை பெயின்டில் ஏறிவிடும். சன்ரூஃபின் இயந்திரம் செத்துப்போய், உதிரிபாகமும் கிடைக்காத பழைய வண்டியில் நிரந்தரமாக மூடியே ஆகவேண்டும் என்றால், முன்கண்ணாடி ஒட்டும் பாலியூரித்தேனால் அந்த வேலை தெரிந்தவரே ஒட்ட வேண்டும். அப்போதும் வடிகுழாய்களை அடைக்காதீர்கள்.

நனைந்ததைக் காயவைத்தல்

ஒழுகலை நிறுத்தியதும் வேலை முடிந்துவிடாது. கார்ப்பெட்டின் மேற்பரப்பு காய்ந்து காட்டும். அதன் அடியில் உள்ள தடித்த நுரைமெத்தை லிட்டர் கணக்கில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். உள்ளங்கையை வைத்து உடல் எடையோடு அழுத்திப் பாருங்கள், குளிர்ச்சி தட்டினாலே ஈரம் இருக்கிறது. கதவோரப் பட்டையைக் கழற்றி, கார்ப்பெட்டைத் தூக்கி அடியில் முட்டுக் கொடுத்து, முதலில் வேக்குவத்தால் உறிஞ்சி, பிறகு ஃபேனையோ ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையோ இரண்டு மூன்று நாள் ஓடவிடுங்கள். ஒன்றிரண்டு நாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கிவிடும் என்பதால் தள்ளிப்போட வேண்டாம். இருக்கைக்கடியிலும் காலடியிலும் உள்ள மின் இணைப்பிகளைப் பேட்டரியைக் கழற்றிய பிறகு பிரித்துப் பாருங்கள். பச்சையாகப் பூத்திருந்தால் மின்தொடர்பு கிளீனர் அடித்து, காயவிட்டு மாட்ட வேண்டும். மஞ்சள் நிற ஏர்பேக் இணைப்பிகளில் மட்டும் கைவைக்காதீர்கள்.

கழற்றிய ஏ-பில்லர் மூடியையும் கார்ப்பெட்டையும் அன்றே பொருத்திவிட அவசரப்பட வேண்டாம். வண்டியைச் சரிவில் முன்பக்கம் தாழ நிறுத்தி முன் மூலைகளிலும், திருப்பி நிறுத்திப் பின் மூலைகளிலும் கோப்பைச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இந்த முறை 250 மி.லி. ஊற்றலாம். ஊற்றியது கீழே வந்து சேர்ந்து, தூணுக்குள் வைத்த டிஷ்யூ பேப்பரும் உலர்ந்திருந்தால் மூடலாம். இலை உதிரும் மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், மூடிய இடத்தில் நிற்பதற்கு வருடம் ஒருமுறையும் செய்தால் போதும்.